யானை எங்கே நிற்கிறது?

வைப்பின் ஒரு தீவு. கொச்சிக் கோட்டையிலிருந்து படகில் ஏறினால் சில நிமிடங்களில் அங்கே இறங்கிவிடலாம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் காயல். நடுவே நீளமாக, ஒடுக்கமாக ஊர்கள்.

இந்தத் தீவில் பொக்காளி என்று ஒரு நெல் உண்டு. உப்புநீர் ஏறும் வயலிலும் அது வளரும். மழைக்காலத்தில் நெல் போடுவார்கள். அறுவடை முடிந்ததும் அதே வயலில் இறால் வளர்ப்பார்கள். உரம் வேண்டாம், மருந்து வேண்டாம்.

ஆனால் கதிர் வரும் நேரத்தில் ஒரு விருந்தாளி வரும். அதன் பெயர் நீலக்கோழி. உடம்பு நீலம், அலகு சிவப்பு, கால்களும் சிவப்பு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். கூட்டமாக வயலில் இறங்கும். தண்டை ஒடிக்கும், கதிரைத் தின்னும். தின்பது கொஞ்சம்தான். மிதித்துச் சாய்ப்பது அதிகம்.

விவசாயி தகரத்தைத் தட்டுகிறார். வலை கட்டுகிறார். பறவை எழுந்து பறக்கிறது. பக்கத்து வயலில் போய் இறங்குகிறது. அந்த விவசாயியும் தகரத்தைத் தட்டுகிறார். பறவை மறுபடி இங்கே வருகிறது. நாள் முழுவதும் இதே வேலை.

பறவையைக் கொல்லலாமா? கூடாது. காட்டு உயிர்களைக் காக்க 1972ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. நீலக்கோழிக்கும் அந்தச் சட்டம் உண்டு.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் சில கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும். இந்தப் பறவை எங்கே கூடு கட்டுகிறது? எந்த மாதம் முட்டை இடுகிறது? பயிர் வைக்காமல் கிடக்கும் வயலில் கோரைப் புல் மண்டினால் அது பெருகுகிறதா? பகல் முழுவதும் எங்கே ஒளிந்து இருக்கிறது? இதையெல்லாம் பார்த்து, எழுதி வைத்து, ஊராருக்குச் சொல்ல ஒருவர் வேண்டும்.

அதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களை வனவிலங்கு உயிரியலாளர் என்று சொல்வார்கள். உயிரியல் என்றால் உயிர்களைப் பற்றிய படிப்பு. மனிதருக்கும் காட்டு விலங்குக்கும் மோதல் வரும் இடத்தில் இவர்கள் வேலை செய்கிறார்கள்.

நீலக்கோழி எடுப்பது நெல்லைத்தான். யானை வரும் இடத்தில் உயிரே போகிறது. இந்த வேலை எவ்வளவு பெரிய வேலை என்று தெரிய வேண்டுமானால் மலைக்குத்தான் போக வேண்டும்.

ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போனால்

வைப்பின் தீவின் வடக்கு முனை முனம்பம். அங்கே கடலில் சேரும் தண்ணீரில் சாலக்குடி ஆற்றின் தண்ணீரும் கலந்திருக்கிறது. அந்த ஆறு எங்கே பிறக்கிறது? ஆனைமலையில். பெயரிலேயே ஆனை இருக்கிறது பாருங்கள். மேலே யானை குடித்து மிச்சம் வைத்த தண்ணீர்தான் கீழே முனம்பத்துக்கு வருகிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

ஆனைமலையின் மேலே இருக்கும் ஊர் வால்பாறை. தமிழ்நாட்டில், கோவை மாவட்டத்தில் இருக்கிறது. சாலக்குடியிலிருந்து காட்டு வழியாகவும் அங்கே போகலாம். பொள்ளாச்சியிலிருந்து போனால் 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும்.

வால்பாறையைச் சுற்றி எங்கே பார்த்தாலும் தேயிலை. ஒரு காலத்தில் அது முழுவதும் அடர்ந்த மழைக்காடு. 1890களில் வெள்ளைக்காரர்கள் காட்டை வெட்டத் தொடங்கினார்கள். காப்பி வைத்தார்கள், பிறகு தேயிலை வைத்தார்கள். கீழ்நாட்டிலிருந்து கூலி வேலைக்கு ஏழை மக்களைக் கூட்டி வந்தார்கள். இன்று 220 சதுர கிலோமீட்டருக்கு எஸ்டேட்டுகள் இருக்கின்றன. நடு நடுவே மட்டும் வெட்டாமல் விட்ட காட்டுத் துண்டுகள் நிற்கின்றன.

இந்த எஸ்டேட்டுகளைச் சுற்றி நாலு பக்கமும் பெரிய காடு. ஒரு பக்கம் ஆனைமலை புலிகள் காப்பகம். இன்னொரு பக்கம் கேரளத்தின் பரம்பிக்குளம், வாழச்சால் காடுகள். ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகும் யானை தேயிலைத் தோட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஊர் வருவதற்கு முன்பே அந்த வழி இருந்தது. பாட்டி யானை நடந்த வழியில் பேத்தி யானை நடக்கிறது.

யானைக் கூட்டத்துக்குத் தலைவி உண்டு. வயதான பெண் யானைதான் தலைவி. எங்கே தண்ணீர் இருக்கும், எங்கே மூங்கில் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். மற்றவை அவள் பின்னால் போகும்.

நோட்டுப் புத்தகத்தோடு ஓர் ஆள்

வால்பாறையில் யானைகளைப் பற்றி ஆராய வந்தவர் ஆனந்த குமார். நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பைச் சேர்ந்தவர். அந்த அமைப்பு 1996இல் மைசூரில் தொடங்கியது. 2002 முதல் அவரும் அவருடன் இருந்தவர்களும் யானைக் கூட்டங்களின் பின்னால் போனார்கள்.

இந்த வேலை எப்படி நடக்கும்? விடியும் முன்பே கிளம்ப வேண்டும். மழையில் அட்டை கடிக்கும். துப்பாக்கி கிடையாது. கையில் ஒரு நோட்டு, ஒரு பேனா, தூரத்தில் இருப்பதைப் பார்க்க ஒரு பைனாகுலர், இருக்கும் இடத்தைக் காட்டும் ஒரு கருவி. அவ்வளவுதான்.

வழியில் சாணம் கிடந்தால் சூடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சூடாக இருந்தால் யானை பக்கத்தில் இருக்கிறது. சாணத்தைக் கிளறினால் யானை என்ன தின்றது என்று தெரியும். கால் தடத்தை நூல் வைத்து அளப்பார்கள். முன்காலின் சுற்றளவைப் போல இரண்டு மடங்குதான் அந்த யானையின் உயரம். நம்ப முடியவில்லையா? கோயில் யானை வந்தால் பாகனைக் கேட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு யானையையும் அடையாளம் தெரிந்துகொள்வார்கள். ஒன்றுக்குக் காது கிழிந்திருக்கும். ஒன்றுக்கு வால் நுனியில் முடி இருக்காது. ஒன்றின் தந்தம் வளைந்திருக்கும்.

வழி காட்டுபவர்கள் பெரும்பாலும் மலையிலேயே பிறந்தவர்கள். ஆனைமலையில் காடர், முதுவர், மலசர் போன்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். ஒடிந்த கிளையைப் பார்த்தே யானை போன நேரத்தைச் சொல்பவர்கள் அவர்களில் உண்டு. பட்டம் வாங்கிய ஆளும் அவர்கள் பின்னால்தான் நடக்க வேண்டும்.

இப்படிப் பல ஆண்டுகள் பார்த்ததில் சில விஷயங்கள் தெரிந்தன. பகலில் யானைகள் காட்டுத் துண்டுகளிலும் ஆற்றோரப் புதர்களிலும் தங்குகின்றன. இருட்டிய பிறகு தேயிலையைத் தாண்டிப் போகின்றன. தேயிலை யானைக்கு உணவு இல்லை. அது தேடுவது வேறு. ரேஷன் கடை, சத்துணவுக் கூடம், எஸ்டேட் கிடங்கு, இவற்றின் கதவைத்தான் உடைக்கிறது. உள்ளே அரிசி, பருப்பு, உப்பு. மனிதர் ஒரு மாதம் சாப்பிடுவதை யானை ஓர் இரவில் முடித்துவிடும். சத்துணவுக் கூடம் உடைந்தால் மறுநாள் பிள்ளைகளுக்குச் சோறு இல்லை.

யாரும் கேட்காத கேள்வி

1994 முதல் 2012 வரை வால்பாறையில் யானைகளால் ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். எல்லோரும் ஏழைகள். கொழுந்து பறிக்கிறவர்கள், காவல்காரர்கள், கடைக்குப் போய்த் திரும்பியவர்கள்.

ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் மக்கள் கொதித்தார்கள். சாலையில் உட்கார்ந்தார்கள். வனத்துறை ஆட்கள் பட்டாசு வெடித்து யானையை விரட்டினார்கள். அது பக்கத்து எஸ்டேட்டுக்குப் போனது. அங்கே உள்ளவர்கள் இங்கே விரட்டினார்கள். நீலக்கோழியும் தகரமும் நினைவு வருகிறதா? அதே கதைதான். ஆனால் விரட்டப்பட்ட யானை மிரண்டு போயிருக்கும். குட்டி இருந்தால் இன்னும் கோபம். அடுத்து எதிரில் வருகிறவர் மாட்டிக்கொள்வார்.

ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு கேள்வியைக் கேட்டார்கள். இந்த மனிதர்கள் எப்படிச் செத்தார்கள்? எந்த நேரம், எந்த இடம், என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ஒவ்வொரு சாவையும் பற்றி விசாரித்தார்கள். துக்க வீட்டில் போய் இதைக் கேட்பது லேசான காரியம் இல்லை.

பதில் ஒன்றுபோலவே வந்தது. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அங்கே யானை நிற்பது தெரியாது.

மாலையில் வால்பாறை சந்தைக்குப் போன ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி பஸ்ஸில் திரும்புகிறார். எஸ்டேட் நிறுத்தத்தில் இறங்குகிறார். லைன் வீட்டுக்கு அரை மைல் நடக்க வேண்டும். இருட்டு, பனிமூட்டம், தலையில் முக்காடு, கையில் பை. சாலை வளைகிறது. வளைவில் யானை நிற்கிறது. யானை பெரிய உருவம்தான். ஆனால் இருட்டில் அசையாமல் நின்றால் பத்தடி தூரத்தில்கூடத் தெரியாது. சத்தமும் போடாது. அவருக்கும் தெரியவில்லை, யானையும் எதிர்பார்க்கவில்லை. அப்படித்தான் உயிர் போகிறது.

யானை அங்கே நிற்கிறது என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அந்த வழியில் போயிருக்கவே மாட்டார்.

ஒரு வார்த்தை சொல்வது எப்படி?

யானை நிற்கும் இடம் ஆராய்ச்சிக்காரர்களுக்குத் தினமும் தெரியும். அதை மக்களிடம் சேர்க்க வேண்டும். 2006இல் உள்ளூர் கேபிள் டிவியில் தொடங்கினார்கள். மாலையில் படம் ஓடும்போது திரையின் அடியில் எழுத்து ஓடும். இன்ன எஸ்டேட்டில், இன்ன இடத்தில் யானைகள் நிற்கின்றன, கவனமாகப் போகவும் என்று.

டிவி வீட்டில் இருக்கிறவருக்குத்தான். வழியில் நடக்கிறவருக்கு? 2011இல் செல்போனில் செய்தி அனுப்பத் தொடங்கினார்கள். யானை நிற்கும் இடத்திலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்குச் செய்தி போகும். மலை முழுவதும் எல்லோருக்கும் எல்லாச் செய்தியும் அனுப்பினால் நாளடைவில் யாரும் பார்க்கமாட்டார்கள். தன் ஊர்ப் பெயர் வந்தால்தான் மனம் திடுக்கிடும்.

செய்தி தமிழிலும் வந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரலாகவே போனில் செய்தி போனது. ஆனாலும் பேசும் குரல் ஒரு முறைதான் கேட்கும். எழுத்து போனிலேயே இருக்கும். பக்கத்து வீட்டுக்கும் காட்டலாம்.

மூன்றாவதாக ஒரு விளக்கு வந்தது. மேடான இடத்தில் கம்பம் நட்டு, சிவப்பு விளக்கைப் பொருத்தினார்கள். அது விட்டு விட்டு எரியும். ஒரு கிலோமீட்டர் தூரத்திலிருந்தும் தெரியும். பஸ்ஸில் வரும்போதே பார்க்கலாம். விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை இருக்கிறது என்று அர்த்தம்.

“அக்கா, வெளக்கு எரியுது. தனியா நடக்காதீங்க. நில்லுங்க, நாங்களும் வர்றோம்.”

இதைச் சொல்ல இப்போது ஆள் இருக்கிறார்கள்.

இந்த விளக்கை எரிய வைப்பது யார்? அதுதான் இதில் நல்ல விஷயம். விளக்குக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. குறிப்பிட்ட சிலருடைய போன் எண்கள் அதில் பதிவாகி இருக்கின்றன. அவர்கள் அந்த ஊர்க்காரர்களே. தோட்டத் தொழிலாளி, காவல்காரர், கடைக்காரர். யானையைப் பார்த்ததும் போன் செய்வார்கள். விளக்கு எரியும். யானை போய்விட்டால் மறுபடி போன் செய்வார்கள். விளக்கு அணையும். வெளியூரிலிருந்து வந்த படிப்பாளி விளக்கைக் கையில் வைத்துக்கொண்டிருந்தால், அவர் ஊருக்குப் போன அன்றே எல்லாம் நின்று போயிருக்கும்.

பொய்யாக விளக்கைப் போடுவார்களோ என்று சந்தேகம் வரலாம். தன் பிள்ளை நடக்கும் வழி அது. யார் விளையாடுவார்கள்?

ஆண்டுக்கு இரண்டு, மூன்று பேர் இறந்த இடத்தில் சாவு ஏறக்குறைய ஒன்றாகக் குறைந்தது. இந்த வேலைக்காக ஆனந்த குமாருக்கு 2015இல் லண்டனில் விட்லி விருது கிடைத்தது.

ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. 2025இலும் வால்பாறையில் யானையால் உயிர் போனது. சிறுத்தையாலும் போனது. இப்போது எஸ்டேட்டுகளில் ஜார்கண்ட், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் நிறையப் பேர். அவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. சிவப்பு விளக்கு எதற்கு என்று யாராவது சொல்லித் தர வேண்டும். லைன் வீட்டின் பின்புறம் தேயிலைச் செடி ஆரம்பித்துவிடும், அங்கே அந்தி நேரத்தில் குழந்தையைத் தனியே விடக் கூடாது என்பதும் புதிதாக வந்த தாய்க்குத் தெரியாது. பழைய ஆட்கள் பல ஆண்டுகளில் கற்றதை இவர்கள் ஒரே மாதத்தில் கற்க வேண்டியிருக்கிறது.

பிடித்துக்கொண்டு போனால் என்ன?

எல்லா ஊரிலும் இதைக் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். இதற்கு ஒரு யானையின் கதையே பதில்.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் சின்னக்கானல் என்று ஓர் ஊர். அங்கேயும் தமிழ்த் தொழிலாளர்கள் உண்டு. அங்கே ஓர் ஆண் யானைக்கு அரிசி என்றால் உயிர். ரேஷன் கடையை உடைக்கும், வீட்டை உடைக்கும். அதனால் மக்கள் அதற்கு அரிக்கொம்பன் என்று பெயர் வைத்தார்கள். மலையாளத்தில் அரி என்றால் அரிசி.

2023 ஏப்ரல் மாத முடிவில் மயக்க ஊசி போட்டு அதைப் பிடித்தார்கள். கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டினார்கள். அந்தப் பட்டை யானை இருக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். பெரியாறு காட்டில் கொண்டு போய் விட்டார்கள். ஒரு மாதம் ஆனது. யானை மலை இறங்கியது. தமிழ்நாட்டில் கம்பம் ஊருக்குள்ளேயே நடந்து வந்தது. தெருவில் ஜனங்கள் ஓடினார்கள். ஜூன் மாதம் மறுபடி பிடித்தார்கள். திருநெல்வேலிப் பக்கம், களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டார்கள்.

யானை அரிசி ருசியை மறக்காது, வழியையும் தேடும். ஒரு ஊரின் கஷ்டம் லாரியில் ஏறி இன்னொரு ஊருக்குப் போகிறது. சில சமயம் வேறு வழி இல்லாமல் பிடிக்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் அது முதல் மருந்து ஆகாது.

இந்த வேலைக்கு யார் போகலாம்?

உங்கள் வீட்டுப் பெண்ணோ பையனோ பள்ளியில் உயிரியல் பிடித்துப் படிக்கிறார்களா? அவர்கள் இந்த வேலைக்குப் போகலாம். மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரி இருக்கிறது. காட்டுயிர் பற்றிய படிப்புக்கு அது பேர் பெற்ற கல்லூரி. கோவை அருகே ஆனைக்கட்டியில் சலீம் அலி பெயரில் பறவை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டேராடூனில் மத்திய அரசின் வனவிலங்கு நிறுவனம் இருக்கிறது.

படிப்பு மட்டும் போதாது. இந்த வேலையில் விலங்கோடு இருக்கும் நேரத்தைவிட மனிதரோடு இருக்கும் நேரம்தான் அதிகம். கோபத்தில் கத்துகிறவர் முன்னால் பொறுமையாக நிற்க வேண்டும். தோட்ட நிர்வாகி, வனத்துறை அதிகாரி, தொழிற்சங்கக்காரர் என்று எல்லோரிடமும் பேச வேண்டும். யானைக்குப் பரிந்து பேசுகிற ஆள் என்ற பேரும் கேட்க வேண்டும்.

யானை வந்தால், பயிர் போனால்

யானை நிற்கும் இடத்துக்குக் கூட்டமாகப் போய் வேடிக்கை பார்க்க வேண்டாம். கல் எறிய வேண்டாம். போனில் படம் எடுக்கக் கிட்டே போக வேண்டாம். இதனால் செத்தவர்கள் உண்டு. இருட்டில் தனியே நடக்க நேர்ந்தால் டார்ச் வேண்டும், சேர்ந்து போக ஆள் வேண்டும். யானை போகும் வழியில் இருக்கும் வீட்டில் அரிசி மூட்டையைச் சேர்த்து வைத்தால் வாசனை இழுத்துவரும்.

காட்டு விலங்கால் பயிரோ வீடோ சேதம் ஆனால், யாருக்காவது காயம் பட்டால், அரசு உதவித் தொகை தருகிறது. கேரளம், தமிழ்நாடு இரண்டு மாநிலத்திலும் உண்டு. கேரளத்தில் 2024இல் மனிதர், வனவிலங்கு மோதலை மாநிலப் பேரிடராகவே அறிவித்தார்கள். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். தாமதம் செய்ய வேண்டாம். சேதத்தை அப்படியே போனில் படம் எடுத்து வையுங்கள். நாள், நேரம், இடம், எவ்வளவு சேதம் என்று நீங்களே எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேரைச் சாட்சி வைத்துக்கொள்ளுங்கள். வனத்துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். கேரளத்தில் இருந்தால் அக்ஷயா மையத்தில் கணினி வழியாக அனுப்பித் தருவார்கள்.

கையெழுத்துப் போடும் முன்பு மனுவை ஒரு முறை படியுங்கள். உங்கள் பெயரும் சர்வே எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மனு கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்கிக்கொண்டு திரும்புங்கள்.